பிலிப்பைன்ஸ் மருமகள் கடையத்திலேயே தங்க என்ன வழி?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் என் சொல்லில் வைத்துக்கொள்கிறேன், சரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் கடையம் பக்கத்துக்காரர். துபாயில் வேலை பார்த்தபோது பழகிய பிலிப்பைன்ஸ் பெண்ணைச் சென்ற ஆண்டு மணிலாவில் திருமணம் செய்தீர்கள். வேலையை விட்டுவிட்டு இருவரும் ஊருக்கு வந்தாயிற்று. மனைவி டூரிஸ்ட் விசாவில் இருக்கிறார், அது முடிய இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. நான்கு மாதம் முழுகாமலும் இருக்கிறார். விசா முடியும்போதெல்லாம் நாட்டை விட்டுப் போய்த் திரும்ப வேண்டுமா, நிரந்தரமாகத் தங்க எந்த விசா, எண்பதாயிரம் கொடுத்தால் இரண்டே மாதத்தில் ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடிமக்கள் இங்கே வாழ்நாள் முழுவதும் வந்து தங்க இந்திய அரசு கொடுக்கும் அட்டை) என்று சொல்லும் ஏஜென்டை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாளையங்கோட்டையில் வக்கீலாக இருக்கிறேன். திருமணப் பதிவு, வாரிசு, குடும்ப வழக்கு என்று போய்க்கொண்டிருக்கும் வேலையில், வெளிநாட்டு மருமகள், மருமகன் காகிதங்களும் பல ஆண்டுகளாக என் மேசைக்கு வருகின்றன. வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் கப்பலுக்கும் ஆள் போகிற ஊர் இது, அதனால் இந்தக் கேள்வி புதிது இல்லை. இந்தியச் சட்டப் பக்கத்தை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். பிலிப்பைன்ஸ் சட்டத்தில் பொதுவாகத் தெரிந்தவற்றை மட்டும் சொல்கிறேன். அந்தப் பக்கத்தில் எதையும் செய்யுமுன் டெல்லியில் உள்ள அவர்கள் தூதரகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏஜென்ட் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். பணம் கொடுக்காதீர்கள். 1955-ம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 7ஏ பிரிவு, இந்தியக் குடிமகனை மணந்த வெளிநாட்டவர் ஓசிஐ கேட்கலாம் என்கிறது. ஆனால் திருமணம் பதிவாகி, விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் குறைந்தது இரண்டு ஆண்டுகள் இடைவிடாமல் நீடித்திருக்க வேண்டும். அதற்கு மேல் பாதுகாப்புச் சரிபார்ப்பும் உண்டு. உங்கள் திருமணத்துக்கு இன்னும் இரண்டு வயது ஆகவில்லை. அந்தக் காலத்தைச் சுருக்க எந்த அலுவலகத்துக்கும் அதிகாரம் இல்லை. பொய்த் தகவல் கொடுத்துக் கார்டு வாங்கினால், பிறகு அதையே காரணம் காட்டி ரத்து செய்ய 7டி பிரிவு இருக்கிறது. ஏஜென்ட் அப்போது போனை எடுக்க மாட்டார். அகப்படப்போவது உங்கள் மனைவி.

சரி, இன்றைக்கு இருக்கும் வழி என்ன? என்ட்ரி விசா. அதில் எக்ஸ்-2 என்று ஒரு வகை இருக்கிறது, இந்தியக் குடிமக்களின் வாழ்க்கைத் துணைக்கும் பிள்ளைகளுக்கும் உரியது. ஐந்து ஆண்டுகள் வரை கொடுக்கலாம், பலமுறை போய்வர அனுமதியோடு. முதல் தடவையே முழு ஐந்து ஆண்டும் கிடைக்கும் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். குறைவான காலத்துக்குக் கொடுத்துப் பிறகு நீட்டிப்பதும் நடக்கிறது. இந்த விசா இருந்தால் ஒவ்வொரு முறையும் விமானம் ஏறி இறங்கும் வேலை இல்லை. ஆனால் இதை வைத்து வேலைக்குப் போக முடியாது. உங்கள் மனைவி நர்ஸாகவோ பள்ளியிலோ வேலை பார்க்க நினைத்தால் அதற்குத் தனி அனுமதி வேண்டும். ஓசிஐ வந்த பிறகு அந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

எக்ஸ்-2 வாங்க இரண்டு வாசல்கள். ஒன்று, வெளிநாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தில் வாங்கிக்கொண்டு வருவது. இதுதான் குழப்பம் குறைந்தது. இன்னொன்று, இங்கேயே இருந்துகொண்டு டூரிஸ்ட் விசாவை மாற்றக் கேட்பது. இந்தியரை மணந்தவர்களுக்கு இந்த மாற்றத்தை அரசு அனுமதிப்பது உண்டு. திருமணச் சான்று, இருவரும் சேர்ந்து வாழ்கிறார்கள் என்ற அறிக்கை, பாதுகாப்பு ஒப்புதல் மூன்றும் வேண்டும். ஆனால் இது அதிகாரிகளின் விருப்புரிமை, கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்று வாதாட முடியாது. உங்கள் மனைவியின் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருப்பது தூதரகம் கொடுத்த ஸ்டிக்கர் விசாவா, இணையத்தில் எடுத்த இ-விசாவா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். இ-விசாவுக்குப் பொது விதியே நீட்டிப்பும் கிடையாது, மாற்றமும் கிடையாது என்பதுதான். அது இ-விசாவாக இருந்தால், இங்கே உட்கார்ந்து நாள் கடத்தாமல் வெளியே போய் எக்ஸ்-2 வாங்கிவரும் திட்டத்தை உடனே போடுங்கள். மாதம் ஏறிய வயிற்றோடு விமானத்தில் ஏற்ற மறுப்பார்கள். இப்போது நான்காவது மாதம் என்பதால் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு பயணம் செய்ய இன்னும் நேரம் இருக்கிறது.

இவ்வளவு அவசரப்படுத்துவதற்குக் காரணம், வயிற்றில் இருக்கும் பிள்ளை. இதைப் பலர் கவனிப்பதே இல்லை. 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு இந்தியாவில் பிறக்கும் குழந்தை, இந்த மண்ணில் பிறந்தது என்பதாலேயே இந்தியக் குடிமகன் ஆகிவிடாது. பெற்றோர் இருவரும் இந்தியராக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் இந்தியராகவும் மற்றவர், குழந்தை பிறக்கும் நேரத்தில், சட்டவிரோதக் குடியேறியாக இல்லாமலும் இருக்க வேண்டும். சட்டவிரோதக் குடியேறி என்றால் கள்ளத்தோணியில் வந்தவர் மட்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். முறையான பாஸ்போர்ட், விசாவோடு விமானத்தில் வந்து, அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கியவரும் அந்த வரையறைக்குள் வருகிறார். பிரசவ நாளன்று உங்கள் மனைவியின் விசா காலாவதி ஆகியிருந்தால், நீங்கள் அப்பா, கடையத்துக்காரர், பரம்பரை இந்தியர் என்பதெல்லாம் இருந்தும் பிள்ளையின் குடியுரிமை கேள்விக்குள் போய்விடும். பத்துப் பதினைந்து ஆண்டு கழித்துப் பாஸ்போர்ட் எடுக்கப் போகும்போதுதான் அது தெரியவரும். 'பிரசவம் முடியட்டும், அப்புறம் விசாவைப் பார்த்துக்கொள்ளலாம்' என்று வீட்டுப் பெரியவர்கள் அன்பாகத்தான் சொல்வார்கள். கேட்காதீர்கள்.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன். 1946-ம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டம் இப்போது இல்லை. அதையும் வேறு மூன்று பழைய சட்டங்களையும் நீக்கிவிட்டு, 2025-ம் ஆண்டுக் குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம் 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. காலம் தாண்டித் தங்குவதற்கு மூன்று ஆண்டுகள் வரை சிறை, மூன்று லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அதில் இருக்கிறது. குடும்பமாக இருப்பவர்களை உடனே பிடித்து உள்ளே போடுகிறார்கள் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் ஒருமுறை காலம் தாண்டினால் அது கோப்பில் ஏறிவிடும். பிறகு எக்ஸ்-2, ஓசிஐ என்று எதற்குப் போனாலும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். விண்ணப்பம் போட்டிருக்கிறோம் என்பதே தங்குவதற்கு அனுமதி ஆகிவிடாது. முடிவு வர நாளாகும் என்று தெரிந்தால் இடைக்கால நீட்டிப்பு கிடைத்திருக்கிறதா என்பதை எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் போடுவது 2018 முதல் இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ என்ற, வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இணையதளம் வழியாகத்தான். சென்னைக்கு ஓட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை, கூப்பிட்டால் போக வேண்டும். விசாரணை மட்டும் உங்கள் மாவட்டக் காவல் துறை வழியாக வீட்டுக்கு வரும். இங்கே ஒரு சின்னச் சிக்கல். உங்கள் பழைய ஆதாரிலும் பாஸ்போர்ட்டிலும் மாவட்டம் திருநெல்வேலி என்று இருக்கும். 2019 நவம்பரில் தென்காசி மாவட்டம் பிரிந்தபோது கடையம் அந்தப் பக்கம் போய்விட்டது. படிவத்தில் பழைய மாவட்டத்தைப் போட்டால் விசாரணைக் காகிதம் நெல்லை எஸ்.பி. அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து தென்காசிக்குத் திரும்பி, வாரக்கணக்கில் சுற்றும். விண்ணப்பத்துக்கு முன்பே ஆதாரில் முகவரியைத் திருத்திவிடுங்கள். ஆலங்குளம், சங்கரன்கோவில், கடையநல்லூர் ஆட்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

வீட்டுக்கு வரும் ஏட்டையா என்ன கேட்பார்? இருவரும் இங்கேதான் இருக்கிறார்களா, எப்போது வந்தார்கள், வருமானத்துக்கு என்ன வழி என்று கேட்பார். பக்கத்து வீட்டிலும் இரண்டு வார்த்தை விசாரிப்பார். மனைவியைத் தனியாக உட்கார வைத்தும் பேசலாம். அதில் கோபப்பட ஒன்றும் இல்லை. முகவரிச் சான்றுக்குத்தான் கிராமத்து வீடுகளில் தடுமாறுவார்கள். வீட்டு வரி ரசீது அப்பா பெயரில் இருக்கும், மின் இணைப்பு எப்போதோ இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கும். மின் இணைப்பைப் பெயர் மாற்றி வாங்குங்கள். அதுவரைக்கும், வீட்டின் உரிமையாளர் என்ற முறையில் அப்பா, மகனும் மருமகளும் இந்த வீட்டில்தான் குடியிருக்கிறார்கள் என்று எழுதி நோட்டரி கையெழுத்தோடு தரும் கடிதத்தையும் வரி ரசீதையும் சேர்த்துக் கொடுங்கள்.

எனக்குத் தெரிந்து கோப்புகள் அதிகமாகத் தேங்குவது பெயரில்தான். நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது. சுப்பையா மகன் முருகேசன் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றில் எஸ். முருகேசன். ஆதாரில் முருகேசன் சு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயர் சுப்பையா, மற்றதில் முருகேசன். மணிலாவில் திருமணப் பதிவு செய்யும் அலுவலருக்கு இந்த வழக்கம் தெரியாது, நடுப்பெயர் எங்கே என்று கேட்பார். அவர்கள் வழக்கத்தில் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர்தான் நடுப்பெயர். யாரோ ஒருவர் எதையோ நிரப்பிவிடுவார். கடைசியில் திருமணச் சான்றில் இருக்கும் ஆள் வேறு, பாஸ்போர்ட்டில் இருக்கும் ஆள் வேறு என்று ஆகிவிடும். உங்கள் சான்றை எடுத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் பிலிப்பைன்ஸ் பதிவிலேயே திருத்துவதுதான் சரியான மருந்து. இங்கே எடுக்கும் உறுதிமொழிப் பத்திரம் சில நேரம் ஏற்கப்படும், சில நேரம் திருப்பி அனுப்பப்படும். மனைவி தன் பிறந்த வீட்டுப் பெயரையே பாஸ்போர்ட்டில் வைத்துக்கொள்ளட்டும். கணவர் பெயரைச் சேர்ப்பது அவர்கள் சட்டத்தில் விருப்பம்தான், கட்டாயம் இல்லை. சேர்த்தால் அவர் பெயரில் ஒட்டப்போவது உங்கள் பெயர்கூட இல்லை, உங்கள் அப்பா பெயர்.

அந்தத் திருமணச் சான்றுக்கு அப்போஸ்டில் முத்திரை வேண்டும். ஒரு நாட்டுச் சான்றை இன்னொரு நாடு ஏற்க, சர்வதேச ஒப்பந்தத்தின்படி போடும் முத்திரை அது. பிலிப்பைன்ஸ் 2019 மே மாதம் முதல் அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது, இந்தியா 2005 முதல் இருக்கிறது. அதனால் அங்குள்ள புள்ளியியல் ஆணையம் கொடுக்கும் சான்றில் அவர்கள் வெளியுறவுத் துறை அப்போஸ்டில் போட்டால் இங்கே செல்லும். ஊரில் சொந்தக்காரர்களுக்காகக் கோவிலிலோ சர்ச்சிலோ இன்னொரு முறை மாலை மாற்றிக்கொள்ளுங்கள், சாப்பாடு போடுங்கள், அதில் தவறே இல்லை. ஆனால் அந்தச் சடங்கைப் புதுத் திருமணமாக இங்கே பதிவு செய்துவிடாதீர்கள். ஒரே தம்பதிக்கு இரண்டு தேதியில் இரண்டு சான்று இருந்தால், ஓசிஐக்கான இரண்டு ஆண்டை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்ற வம்பு வரும். சான்று முன்பே இருக்கும்போது அதைக் கலைக்க வேண்டாம். இதைப் படிக்கும் வேறு யாராவது இன்னும் திருமணம் செய்யாதவராக, இங்கேயே செய்ய நினைப்பவராக இருந்தால், இருவரும் இந்துக்களாக இல்லாதபோது 1954-ம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம்தான் நேர்வழி. இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும், அறிவிப்பு கொடுத்த பிறகு இன்னொரு 30 நாள் காத்திருக்க வேண்டும். குறுகிய விசாவில் வருகிறவர்கள் இந்தக் கணக்கைப் போடாமல் வந்து மாட்டிக்கொள்கிறார்கள்.

எக்ஸ்-2 கைக்கு வந்து, விசா 180 நாளுக்கு மேற்பட்டதாக இருந்தால், நாட்டுக்குள் வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். விசாவில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதன்படி. வெளிநாட்டவர் வந்து தங்கினால், தங்க வைப்பவர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. சி ஃபாரம் என்று லாட்ஜ்காரர்கள் சொல்லும் அதுதான், வீட்டுக்காரருக்கும் உண்டு. 12 மாதத்தில் 182 நாள் இங்கே இருந்துவிட்டால் மனைவிக்கு ஆதார் எடுக்கலாம், விசா இருக்கும் வரை அது செல்லும். வங்கிக் கணக்கு தொடங்க அது பெரிய உதவி.

திருமணத்துக்கு இரண்டு ஆண்டு நிறைந்ததும் ஓசிஐ கேளுங்கள். டூரிஸ்ட் விசாவில் இருந்துகொண்டு இந்தியாவுக்குள் ஓசிஐ விண்ணப்பம் போட முடியாது, இங்கே தொடர்ந்து குடியிருப்பவராக இருக்க வேண்டும். எக்ஸ்-2 முதலில் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். ஓசிஐ வந்துவிட்டால் வாழ்நாள் விசா, எத்தனை காலம் தங்கினாலும் காவல் துறைப் பதிவு வேண்டாம். ஓட்டு, அரசு வேலை கிடையாது. பத்திரிகை, மதப் பிரசாரம், ஆராய்ச்சி போன்ற சிலவற்றுக்கு 2021 மார்ச்சில் வந்த அறிவிப்பின்படி தனி அனுமதி வேண்டும். கணவன் மனைவி அடிப்படையில் வாங்கிய கார்டுக்கு இன்னொரு கடமையும் உண்டு. ஒவ்வொரு முறை புதுப் பாஸ்போர்ட் எடுக்கும்போதும், திருமணம் இன்னும் நீடிக்கிறது என்ற உறுதிமொழியோடு இணையதளத்தில் ஏற்ற வேண்டும். எத்தனை மாதத்தில் கார்டு வரும் என்பதற்குச் சட்டத்தில் கெடு இல்லை. ஒருவருக்கு வேகமாக வந்தது என்பதை வைத்து இன்னொருவருக்குத் தேதி சொல்ல நான் தயாரில்லை.

நிலம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் ராமநதிப் பாசனத்தில் வயல் வைத்திருக்கும் குடும்பங்கள் அடுத்துக் கேட்பது அதைத்தான். ஓசிஐ இருந்தாலும் வயல், தோட்டம், பண்ணை வீடு மனைவி பெயரில் விலைக்கு வாங்க முடியாது. குடியிருக்கும் வீடு, கடை வாங்கலாம். வாரிசாக வந்து சேர்வது வேறு கணக்கு. பாசத்தில் மருமகள் பெயருக்கு ஒரு துண்டு வயலை எழுதிவைக்க உங்கள் அப்பா ஆசைப்பட்டால், பத்திர அலுவலகத்துக்குப் போகுமுன் ஒரு வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

குடியுரிமைக்கும் வழி இருக்கிறது. குடியுரிமைச் சட்டத்தின் 5-ம் பிரிவின்படி இந்தியரை மணந்தவர் ஏழு ஆண்டு இங்கே குடியிருந்தால் கேட்கலாம், கடைசி 12 மாதம் முழுவதும் இங்கேயே இருக்க வேண்டும். ஆனால் இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. மனைவி பிலிப்பைன்ஸ் குடியுரிமையை விட வேண்டும். இழந்த குடியுரிமையைத் திரும்பப் பெற அவர்களுக்கு 2003-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு, ஆனால் அதைப் பயன்படுத்தினால் இந்தியக் குடியுரிமை போய்விடும். அம்மா அப்பா மணிலாவில் இருக்கும் பெண்ணிடம் இப்போதே இதைப் பேச வேண்டாம் என்பது என் கருத்து.

இதே கேள்வியோடு இலங்கைப் பெண்ணை மணந்தவர்களும் வருவார்கள். பாஸ்போர்ட், விசாவோடு வந்தவராக இருந்தால் மேலே சொன்னது பெரும்பாலும் பொருந்தும். முகாமில் பதிவான அகதிக் குடும்பமாக இருந்தால் கதை வேறு. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா விதிகளிலிருந்து 2025-ல் விலக்கு கொடுத்திருக்கிறார்கள், நல்ல விஷயம். அதனாலேயே குடியுரிமைக்கான கதவு திறந்துவிட்டதாக ஆகாது. அவர்கள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் இந்த வழக்குகளை நடத்தும் வக்கீலைப் பார்ப்பது நல்லது. பெற்றோர், தாத்தா பாட்டி, அவர்களுடைய பெற்றோர் என்று யாராவது ஒருவர் பாகிஸ்தான் அல்லது வங்கதேசக் குடிமகனாக இருந்திருந்தால் ஓசிஐ கிடையாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் கேட்காததும் உங்கள் மனைவி கேட்க வேண்டியதுமான ஒன்று இருக்கிறது. எக்ஸ்-2 ஆனாலும் ஓசிஐ ஆனாலும் அவர் இங்கே நிற்பது உங்கள் திருமணத்தின் மேல்தான். திருமணம் முறிந்தால் ஓசிஐயை ரத்து செய்யலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, ரத்து செய்யுமுன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும், அந்த அளவுக்குப் பாதுகாப்பு உண்டு. கணவர் இறந்துபோனால் என்ன ஆகும் என்பதைச் சட்டம் நேராகச் சொல்லவில்லை. நீதிமன்றத்தின் மூலமோ வேறு வகையிலோ திருமணம் கலைந்தால் என்றுதான் வாசகம் இருக்கிறது, இரண்டு பக்கமும் வாதிட இடம் இருக்கிறது. கணவரைப் பறிகொடுத்த பெண் பிள்ளையோடு நிற்கும் நேரத்தில் இந்த வாதம் நடக்கக் கூடாது. அதனால் பாஸ்போர்ட், திருமணச் சான்று, பதிவுச் சான்று எல்லாம் மூலப் பிரதியாக அவர் கையில், அவர் அலமாரியில் இருக்கட்டும். உங்கள் அம்மாவின் இரும்புப் பெட்டியில் வேண்டாம். இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ கணக்கை அவருடைய மின்னஞ்சலில் தொடங்குங்கள், கடவுச்சொல் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் பெயரில் கொஞ்சம் பணம், ஒரு உயில், காப்பீட்டில் நியமனதாரர், இவை மூன்றையும் பிள்ளை பிறப்பதற்குள் செய்துவிடுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: விசா வகையைப் பாருங்கள், சான்றில் பெயரை ஒப்பிடுங்கள், அப்போஸ்டில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், ஆதார் முகவரியைத் தென்காசிக்கு மாற்றுங்கள். ஸ்டிக்கர் விசா என்றால் எக்ஸ்-2 மாற்றத்துக்கு உடனே விண்ணப்பம் போட்டுவிட்டு, அது கிடைக்காவிட்டால் மணிலாவுக்குப் போய் வாங்கிவரும் அளவுக்கு நாள் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். அவர் தனியாகப் போக வேண்டாம், நீங்களும் கூடவே போங்கள்.